வாய் திறக்கும் நாளில் காத்திருக்கும் உணவு



கோவை மாநகருக்குக் கடல் கிடையாது. ஆயினும் ஃபஜ்ர் தொழுகையை முடித்த கையோடு உக்கடம் மீன் சந்தைப் பக்கம் சென்று பார்த்தால், இந்த ஊருக்கும் கடலுக்கும் உள்ள உறவு எத்தனை நெருக்கமானது என்பது விளங்கும். தமிழகத்தின் கீழைக் கரையிலிருந்தும் கேரளத்தின் மேலைக் கரையிலிருந்தும் பனிக்கட்டிப் பெட்டிகளில் வந்திறங்கும் மீன்கள், சூரியன் உச்சிக்கு வருமுன் நம் வீட்டு அடுப்புகளில் கொதித்துக் கொண்டிருக்கும்.

எங்கள் மத்ரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் தந்தையோடு அச்சந்தைக்குப் போய் வந்த மறுநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஹஜ்ரத்! அங்கே தட்டையாக ஒரு மீனைப் பார்த்தேன். அதற்கு மட்டும் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தது. பிறக்கும்போதே அப்படித்தானா?"

கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக் கொண்டு, நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தத் தேடல் ஒரு மீனின் கண்ணில் தொடங்கி, பிறந்த உயிருக்கு முதல் உணவு எப்படிக் கிடைக்கிறது என்ற பெரிய செய்தியில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இடம் பெயரும் கண்

சிறுவனின் கேள்விக்கு விடை, 'இல்லை' என்பதே. தட்டைமீன் முட்டையிலிருந்து வெளிவரும்போது மற்ற மீன்களைப் போலவே இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கண். முதுகு மேலே, வயிறு கீழே. நிமிர்ந்தே நீந்துகிறது. சில வாரங்கள் சென்ற பின்னர்தான் அந்த அதிசயம் நிகழ்கிறது. ஒரு கண் மெல்ல மெல்ல நகர்ந்து, தலையின் உச்சியைக் கடந்து, மறு பக்கத்துக் கண்ணுக்கு அருகில் வந்து சேர்கிறது. பிறகு அம்மீன் ஒருக்களித்துக் கடலின் அடித்தரையில் படுத்து விடுகிறது. மேலே பார்க்கும் பக்கம் மணலின் நிறம் கொள்கிறது. தரையைத் தொடும் பக்கம் வெளுத்தே இருக்கிறது.

இந்த மீனினத்துக்கும் நம் மொழிக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் மீனவர்கள் 'எருமை நாக்கு' என்று அழைக்கும் தட்டைமீனுக்கு அறிவியல் உலகம் சூட்டியிருக்கும் பெயர் 'செட்டோடஸ் எருமை' என்பதாகும். பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக் என்பவர் தொடங்கி வைத்து, அவர் மறைந்த பின் ஷ்னைடர் என்பவர் முடித்து 1801 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு இப்பெயர் இடப்பட்டது. தரங்கம்பாடி மீனவனின் சொல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக உலக அறிஞர்களின் நாவில் புழங்கி வருகிறது!

மூன்று நாள் கட்டுச்சோறு

கண் இடம் பெயர்வது கிடக்கட்டும். அந்த நாள் வரைக்கும் அக்குஞ்சு உயிரோடு இருக்க வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

பெரும்பாலான கடல்மீன்களின் குஞ்சுகள் மிகவும் நுண்ணியவை. நாம் விரும்பி உண்ணும் கொடுவா மீனின் குஞ்சு, பொரிந்தவுடன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அப்போது அதற்கு வாய் திறந்திருக்காது. வயிற்றோடு ஒட்டிய ஒரு சிறு பையில் கருவுணவு இருக்கும். நெடும்பயணம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு போன்றது அது. ஏறத்தாழ மூன்றாம் நாளில் அச்சோறு தீரும் தறுவாயில் வாய் திறக்கும். அந்த வேளையில், அந்த வாய்க்குள் நுழையக்கூடிய இரை எதிரே இருக்க வேண்டும். இல்லையேல் குஞ்சு சோர்ந்து விடும். ஓர் எல்லையைக் கடந்து சோர்ந்த பின்னர், உணவைக் கொண்டுவந்து கொட்டினாலும் உண்ணும் வலிமை அதற்கு இருப்பதில்லை.

'தீவனத்தைப் பொடியாக்கித் தூவினால் ஆகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. அசையாத பொருளை அக்குஞ்சு இரையென்றே அறிவதில்லை. தூவிய பொடியோ அடியில் தங்கி அழுகி, நீரைக் கெடுக்கும். மேலும், பல கடல்மீன் குஞ்சுகளுக்கு அந்தப் பருவத்தில் முழுமையான இரைப்பை அமைவதே இல்லை. உலர்ந்த தீவனத்தைச் செரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இராது. ஆகவே இரை உயிருள்ளதாக இருக்க வேண்டும், அசைய வேண்டும், வாய்க்கு அளவானதாக இருக்க வேண்டும், எளிதில் செரிக்கவும் வேண்டும். இத்தகைய இரையைத்தான் மீன்வளத் துறையினர் 'உயிர் உணவு' என்கிறார்கள்.

பகையாக வந்தது உணவாயிற்று

கடலில் இந்த உணவை வல்ல அல்லாஹ் கணக்கின்றிப் பரப்பி வைத்திருக்கிறான். தொட்டியில் மீன் வளர்க்கும் மனிதனுக்கோ அது எளிதில் அகப்படவில்லை. முட்டையைப் பொரிக்க வைக்கக் கற்றுக்கொண்டவர்கள், பொரிந்த குஞ்சுகள் பட்டினியில் மடிவதைக் கண்டு கைபிசைந்து நின்றார்கள்.

முதல் வழி திறந்தது ஒரு தட்டைமீனுக்காகத்தான் என்பது சுவையான செய்தி. 1939 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ரோல்லெஃப்சன், 'பிளேய்ஸ்' என்னும் தட்டைமீனின் குஞ்சுகளுக்கு, ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளை இரையாகக் கொடுத்து வளர்த்துக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1933 இல், அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகர மீன் காட்சியகத்தைச் சேர்ந்த சீல் என்பவரும் ஆர்ட்டீமியா மீன்களுக்கு ஏற்ற இரை என்பதை எடுத்துரைத்திருந்தார்.

ஆர்ட்டீமியாவின் முட்டை, இறைவனின் படைப்பு விந்தைகளுள் ஒன்று. உப்பளங்களிலும் உப்பு ஏரிகளிலும் வாழும் இவ்வுயிர், காலம் கடினமாகும்போது தடித்த ஓடு கொண்ட முட்டைகளை இடுகிறது. அவை உலர்ந்து, தூளைப் போல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஒரு கிராம் தூளில் இரண்டு முதல் மூன்று இலட்சம் முட்டைகள் இருக்கும்! அதை உப்பு நீரில் இட்டு, காற்றும் ஒளியும் தந்தால், ஏறத்தாழ ஒரு நாளில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் துள்ளி வெளிவரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் அள்ளப்படும் முட்டைகள் டப்பாக்களில் அடைக்கப்பட்டு உலகெங்கும் செல்கின்றன.

எனினும் ஆர்ட்டீமியாக் குஞ்சின் அளவு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொடுவாவின் முதல் நாள் வாய்க்கு அதுவே மலை போன்றது! அதைவிடச் சிறிய இரை வேண்டியிருந்தது. அது கிடைத்த கதை சிந்திக்கத்தக்கது. ஜப்பானில் விலாங்கு மீன் வளர்க்கும் குளங்களில் 'ரோட்டிஃபர்' என்னும் நுண்ணுயிர் பெருகிப் பண்ணையாளர்களுக்குத் தொல்லை கொடுத்து வந்தது. தலையில் உள்ள மென்மயிர்கள் சக்கரம் சுழல்வது போலத் தோன்றுவதால் இதனைச் சக்கர உயிரி என்றும் சொல்லலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரையிலான அளவே உடையது. எல்லாரும் இதை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, இட்டோ என்னும் அறிஞர், 'இதையே ஏன் மீன்குஞ்சுக்கு இரையாக்கக் கூடாது?' என்று எண்ணினார். 1960 இல் வெளியான அவரது ஆய்வு, கடல்மீன் வளர்ப்பின் வாசலையே திறந்து விட்டது. நாம் தீங்கென்று வெறுக்கும் ஒன்றில் இறைவன் நன்மையை வைத்திருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உணவுக்கும் உணவு

இன்று ஒரு கடல்மீன் குஞ்சு பொரிப்பகத்துக்குள் நீங்கள் நுழைந்தால், மீனைக் காண்பதற்கு முன் பச்சை நிற நீர் நிரம்பிய குடுவைகளையும் தொட்டிகளையும்தான் காண்பீர்கள். அந்தப் பச்சை, நுண்பாசி. பாசியை உண்டு ரோட்டிஃபர் பெருகும். ரோட்டிஃபரை உண்டு மீன்குஞ்சு வளரும். வாய் சற்றுப் பெரிதானதும் ஆர்ட்டீமியாக் குஞ்சு கொடுக்கப்படும். அதன் பின்னரே சிறுகச் சிறுக உலர் தீவனத்துக்குப் பழக்குவார்கள். பால்குடி மறக்கடித்துச் சோற்றுக்குப் பழக்கும் தாய்மாருக்கு இந்த வரிசை புதிதன்று.

கொடுவாக் குஞ்சுகள் உள்ள தொட்டியில் ஒரு மில்லிலிட்டர் நீருக்குப் பத்து முதல் இருபது ரோட்டிஃபர்கள் வரை இருக்குமாறு பார்த்துக் கொள்வார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றுக்கு, குறைந்த அளவிலேயே ஒரு கோடி உயிர்கள்! குஞ்சுகள் உண்ண உண்ண அந்தக் கோடியை மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே மீன் முட்டையிடுவதற்குப் பல நாட்கள் முன்பே பாசி வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். ரோட்டிஃபர் பெருகியிருக்க வேண்டும். விருந்தாளி வந்த பின் நெல் விதைப்பவன் விருந்திட முடியுமா? அங்கே பணிபுரிவோருக்கு விடுமுறை நாள் என்பதும் அரிது. பெருநாள் அன்றும் பாசிக்கு உரமும் ரோட்டிஃபருக்குப் பாசியும் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது என்று உணர்த்தியவையும் தட்டைமீன்களே. ஐரோப்பாவில் டர்பட், ஹாலிபட் ஆகிய தட்டைமீன்களை வளர்க்க முற்பட்டவர்கள், வயிறார உண்ட குஞ்சுகளிலும் பல, மேற்பக்கம் நிறமேறாமல் வெளிறிப் போவதைக் கண்டனர். சிலவற்றில் கண் பாதி வழியிலேயே நின்று விட்டது. கடலில் இயல்பாகக் கிடைக்கும் துடுப்புக்காலி என்னும் நுண்ணுயிரை உண்ட குஞ்சுகளோ பெரும்பாலும் சீராக இருந்தன. ஆராய்ந்தபோது காரணம் விளங்கியது. துடுப்புக்காலியில் இயற்கையாகவே நிறைந்துள்ள சில கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக மூளைக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத ஒமேகா-3 வகை, ஆர்ட்டீமியாவில் மிகக் குறைவு.

தீர்வு என்ன? இரைக்கு முதலில் நல்லுணவு ஊட்டுவது. ரோட்டிஃபரையும் ஆர்ட்டீமியாவையும் மீன் எண்ணெய், உயிர்ச்சத்துகள் கலந்த குழம்பில் சில மணி நேரம் விட்டு வைப்பார்கள். அவை அதை உண்டு வயிற்றில் சுமந்து செல்லும். அவற்றை உண்ணும் குஞ்சுக்கு அச்சத்து போய்ச் சேரும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. பொரிந்தவுடன் ஆர்ட்டீமியாக் குஞ்சு எதையும் உண்ணாது. சுமார் எட்டு மணி நேரம் கழித்து அடுத்த பருவம் எய்திய பின்னரே உண்ணும்.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. முதல் வாரங்களில் நேர்ந்த குறை, அந்த வாரங்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குஞ்சு நீந்துகிறது, உண்கிறது, நலமாகவே தோன்றுகிறது. கண் இடம் பெயரும் நாள் வந்த பிறகே குறை வெளிப்படுகிறது. அப்போது திருத்த வழியில்லை. தாய்க்குக் கிடைக்கும் உணவே சேய்க்குச் சேரும் பாலின் வளம் என்பதை அறிந்தவர்கள் நாம். ஆயினும் கருவுற்ற மருமகளின் தட்டில் என்ன இருக்கிறது என்று எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்? பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பீய்ச்சி விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் முழுமையாக ஒழிந்து விட்டதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நம் கரையில் நடந்தவை

இக்கலை அயல்நாட்டார்க்கே உரியது என்று எண்ணி விடாதீர்கள். 1947 இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1971 வரை நம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இயங்கி வருகிறது. அம்மையத்தில்தான் 2010 இல் கடல் விரால் எனப்படும் கோபியா மீனும், 2011 இல் வெள்ளிப் பாம்பனோ மீனும் நம் நாட்டில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைக்கப்பட்டு வளர்க்கப்பட்டன. அக்குஞ்சுகள் மீனவர்களின் கடற்கூண்டுகளில் வளர்ந்து சந்தைக்கு வருகின்றன.

1987 இல் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997 இல் கொடுவா மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு உற்பத்தி செய்தது. கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் அதன் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. இவ்வெற்றிகள் அனைத்தின் பின்னும் நாம் கண்ட அதே வரிசைதான்: பாசி, ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா வாழ்கிறது. ஆணே இன்றிப் பெண்ணே பெண்ணை ஈனும் வகை அது. 1977 முதல் மீன்வளக் கல்லூரி ஒன்றும் அந்நகரில் இயங்கி வருகிறது.

கொங்கு மண்ணுக்கு இதில் என்ன பங்கு?

கடலோரத்துச் செய்தி கொங்கு நாட்டாருக்கு எதற்கு என்று கருத வேண்டாம். கொடுவா கடல்நீரிலும், உவர்நீரிலும், நன்னீரிலும் வாழ வல்லது. கடற்கரைப் பொரிப்பகத்தில் ரோட்டிஃபர் தின்று பிழைத்த குஞ்சை, நன்னீருக்குப் பழக்கி, உள்நாட்டுக் குளத்திலும் வளர்க்கலாம். ஒன்றையொன்று விழுங்கும் குணம் உடையதால், சிறியதையும் பெரியதையும் அவ்வப்போது தரம் பிரித்து விட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நன்னீர் மீனுக்கும் இதே விதிதான். பவானிசாகரிலும் ஆழியாற்றிலும் உள்ள அரசு மீன் பண்ணைகளின் பெயரை நம் விவசாயிகள் அறிவார்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் பொரிந்த மூன்றாம் நாளளவில் நாற்றங்கால் குளத்தில் விடப்படுகின்றன. முன்கூட்டியே அக்குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு இட்டு, நீர் நிரப்பி, மாட்டுச் சாணம் இடுவார்கள். சாணத்தால் பாசி பெருகும். பாசியால் சக்கர உயிரியும் நீர்த்தெள்ளும் பெருகும். 50 லிட்டர் குளத்து நீரை நுண்வலையில் வடித்தால் ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் நுண்ணுயிர்கள் தேற வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. 'தண்ணீர் தெளிந்து அழகாக இருக்கிறது' என்று மகிழ்ந்து தெளிந்த நீரில் குஞ்சை விடுகிறவர், பசித்த பிள்ளையை வெறுந்தட்டின் முன் அமர்த்துகிறார். பண்ணைக்குட்டை வெட்டிய பலர் முதல் ஆண்டிலேயே கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை நேரில் காட்டலாம். வண்ணமீன் கடைகளில் ஆர்ட்டீமியா முட்டை சிறு டப்பாக்களில் கிடைக்கிறது. ஒருநாள் திறந்து வைத்த ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை முட்டையை இட்டு, மீன்தொட்டிக்குரிய காற்றுக் குழாயை அடிவரை விட்டு, பக்கத்தில் ஒரு விளக்கை எரிய விடுங்கள். ஒன்று அல்லது ஒன்றரை நாளில் உயிர்கள் துள்ளும். காற்றை நிறுத்தினால் வெற்றோடுகள் மேலே மிதக்கும்; குஞ்சுகள் ஒளியை நோக்கித் திரளும். ஓடுகளை நீக்கி விட்டுக் குஞ்சுகளை மட்டும் வண்ணமீனுக்குக் கொடுங்கள். என்னிடம் கேள்வி கேட்ட சிறுவனுக்கு இதைத்தான் செய்து காட்டினேன். அன்று மத்ரஸா முழுவதும் அந்தப் பாட்டிலைச் சுற்றியே நின்றது!

நம் கடமை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கீழைக் கரையில் விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்நாட்களில் உக்கடத்தில் விலை ஏறுவதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவார்கள். தடை முடிந்ததும் இழுவலைகளில் பெரிய மீனோடு வளராத குஞ்சுகளும் வாரி எடுக்கப்பட்டு, மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. வளர விட்டிருந்தால் பல குடும்பங்களின் உணவாகியிருக்கும் மீன்கள் அவை. பொரிப்பகம் ஒன்றே இதற்கு முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். வளர்ப்பு மீனின் தீவனத்திலும் மீன்தூள் சேர்கிறது என்பது உண்மை. எனினும் கடலிடமிருந்து எடுப்பதை மட்டுமே அறிந்த நாம், வளர்த்தெடுக்கவும் கற்றாக வேண்டிய காலம் இது.

பட்டம் முடித்த பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்கிடும் பெற்றோர்களே! மீன்வளப் படிப்பு என்று ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். மீன் விற்பதில் தலைமுறை அனுபவம் பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மீன் வளர்க்கும் அறிவும் அவர்களோடு சேருமானால் எத்தனை ஹலாலான வருவாய்களுக்கு வழி பிறக்கும்!

ஒவ்வோர் உயிருக்கும் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். வாய் திறக்கும் முன்பே வாய்க்கு அளவான இரையைக் கடலெங்கும் மிதக்க விட்டிருக்கும் அவனது ஏற்பாட்டை ஒரு சிறு தொட்டிக்குள் செய்து பார்க்க, மனிதன் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது! அந்த உழைப்பை அறிந்தவன், தட்டில் மீனை மிச்சம் வைத்து எழ மாட்டான். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் கைவைக்கவும் மாட்டான்.

நம் பொறுப்பில் பிறந்த உயிர்களுக்கு, உரிய நாளில் உரிய உணவையும் உரிய கல்வியையும் ஆயத்தமாக வைக்கும் நல்லறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.